திராட்சைத் தோட்டத்து உல்லாசமும் மறைக்கப்பட்ட உழைப்பும்

உல்லாசப் பயணத் துறையிலே அண்மைக் காலத்திற் பெரிதும் போற்றப்படுவனவற்றுள் ஒன்று, கிராமப்புறத்து வைன் தயாரிப்பகங்களையும் பியர் வடிசாலைகளையும் துவிச்சக்கரவண்டியிற் சென்று பார்வையிடும் பயணமாகும். ஜேர்மனியின் மோசல் ஆற்றங்கரையிலும், பிரான்சின் அல்சாஸ் பிரதேசத்திலும், பெல்ஜியத்தின் துறவிமட வடிசாலைகளைச் சூழ்ந்த சமவெளிகளிலும் இவ்வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகின்றது. தென் அவுஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கிலே, 1983ஆம் ஆண்டுக் காட்டுத்தீக்குப் பின்னர் கைவிடப்பட்ட இருப்புப்பாதையொன்று இத்தகைய பயணத்துக்கென்றே துவிச்சக்கரவண்டிப் பாதையாக மாற்றப்பட்டுள்ளது. தென்னாபிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்திலும் ஸ்டெலன்பொஷ், பிரான்ஷூக் ஆகிய நகரங்களைச் சூழ்ந்த திராட்சைப் பண்ணைகளுக்கு இவ்வாறான பயணங்கள் ஒழுங்கு செய்யப்படுகின்றன.

இப்பயணத்தைப் புகழ்வோர் கூறும் நியாயங்கள் பல. புகை கக்கும் பேருந்துகள் இல்லை, ஆரவாரம் இல்லை, பயணி தன் உடலை வருத்தி மெல்லச் செல்கின்றான், மண்ணையும் மக்களையும் நெருங்கி அறிகின்றான், கிராமத்துக்கு வருவாய் சேர்கின்றது. வெகுசன உல்லாசப் பயணத்தின் கேடுகள் யாவற்றுக்கும் இதுவே மாற்று என்பது அவர்தம் முடிபு.

இம்முடிபு மறுக்கப்பட வேண்டியது. மண்ணையும் மக்களையும் நெருங்கி அறிதல் என்ற கூற்றே இங்குப் பொய்யாகிவிடுகின்றது என்பதைக் கேப் மாகாணத்தின் வரலாறு ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகின்றது. அங்கு வகுக்கப்பட்ட பாதை, மண்ணின் அழகைக் காட்டி, அம்மண்ணிலே உழைத்தோரையும் உழைப்போரையும் கண்ணிலிருந்து அகற்றும் பாதை. மெல்லச் செல்லும் வண்டியில் ஏறினும் பார்க்க வேண்டியதைப் பாராது செல்லலாம் என்பதற்கு அதனிலும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

இடம் பெயர்ந்த வழக்கம்

முதலில் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. துவிச்சக்கரவண்டியில் வைன் பண்ணைகளைக் காணும் வழக்கம் ஐரோப்பாவின் சிறு உடைமையாளர் பிரதேசங்களில் வளர்ந்தது. மோசல் கரையில் ஆற்றை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் சரிவுகளிலே கொடிகளை வளர்ப்போர் பெரும்பாலும் குடும்பமாகத் தொழில் செய்பவர். பயணி ஒருவன் வாயிலில் வண்டியை நிறுத்தினால், கதவைத் திறப்பவரும், கிண்ணத்தில் வார்ப்பவரும், முந்தைய நாள் கொடியைக் கத்தரித்தவரும் ஒருவராகவே இருத்தல் கூடும். உழைப்பவரும் உடைமையாளரும் ஒரே கூரையின்கீழ் வாழுமிடத்து, வீட்டுவாயிலிற் பெறும் விருந்தோம்பல் உழைப்பின் முகத்தையும் ஓரளவு காட்டவே செய்யும். ஆங்கும் அறுவடைக் காலத்திலே போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வரும் கூலியாட்களின் வாழ்க்கை பயணியின் கண்ணுக்கு எட்டுவதில்லை என்பது வேறு. எனினும் அவ்வழக்கத்துக்கு ஒரு சமூக அடிப்படை அங்கு உண்டு.

கேப் மாகாணத்திலோ அந்த அடிப்படை இல்லை. அங்குத் திராட்சைப் பண்ணை என்பது தொடக்கம் முதலே பெருநில உடைமையினதும் கட்டாய உழைப்பினதும் மீது எழுந்த நிறுவனம். குடியானவனின் வாயிலுக்குச் செல்லும் பாவனையில் ஆண்டையின் மாளிகைக்குச் செல்வதே அங்கு நிகழ்கின்றது. வடிவம் ஒன்றாயினும் பொருள் தலைகீழாகிவிடுகின்றது. ஒரு நாட்டின் வழக்கத்தை வேறொரு நாட்டின் உற்பத்தி உறவுகளுக்குமேற் போர்த்துமிடத்து, அது அவ்வுறவுகளை மறைக்கும் போர்வையாகவே பயன்படும்.

கொடியும் சங்கிலியும்

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் சார்பில் யான் வன் றீபேக் என்பார் 1652ஆம் ஆண்டு நன்னம்பிக்கை முனையிலே வந்திறங்கினார். கீழைத்தேய வாணிபத்துக்குச் செல்லும் கப்பல்களுக்கு உணவும் நீரும் வழங்கும் தங்கிடம் ஒன்றை அமைப்பதே அவர் பணி. 1655இல் அங்குத் திராட்சைக்கொடிகள் நடப்பட்டன. 1659ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆந் திகதி முதன்முதலாக வைன் பிழியப்பட்டதென அவருடைய நாட்குறிப்புத் தெரிவிக்கின்றது. கேப் மாகாணத்து வைன் வாணிபத்தார் இன்றும் பெருமையுடன் குறிப்பிடும் நாள் இது. ஆயின் அதற்கு முந்தைய ஆண்டாகிய 1658இலேயே பெருந்தொகையான அடிமைகள் அங்குக் கொண்டுவரப்பட்டனர் என்பது அத்துணை பெருமையுடன் கூறப்படுவதில்லை. கொடிக்கும் அடிமைக்கும் வயது ஏறத்தாழ ஒன்றே. அந்நிலத்திலே காலங்காலமாக மந்தை மேய்த்த கொய்கொய் மக்கள் மேய்ச்சல் நிலத்தை இழந்ததும் அதே ஆண்டுகளிலேயாம்.

அடிமை வாணிபம் பிரித்தானியராற் தடுக்கப்பட்ட 1808ஆம் ஆண்டுவரை கேப்புக்கு ஏறத்தாழ 63,000 அடிமைகள் கொண்டுவரப்பட்டனர் என்று வரலாற்றாசிரியர் கணித்துள்ளனர். அவருள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றவர்கள். ஏனையோர் கிழக்காபிரிக்கக் கரை, மடகஸ்கார், இந்தோனேசியத் தீவுகள் ஆகியவற்றிலிருந்து சென்றவர்கள். 1658ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாணக் கோட்டையும் நாகபட்டினமும் ஒல்லாந்தர் வசமாயின. அதே கொம்பனியின் கணக்கேடுகளே முனையிலும் எழுதப்பட்டன. அவ்வேடுகளில் அடிமைக்குத் தாய்தந்தையர் இட்ட பெயர் இல்லை. எசமானன் சூட்டிய பெயரொன்றும் அதனோடு 'வங்காளத்து', 'மலபாரத்து', 'சோழமண்டலக் கரையின்', 'சிலோனின்' என்ற ஊரொட்டும் மட்டுமே உள்ளன. கடலுக்கப்பாலுள்ள அத்தோட்டங்களின் வரலாறு தமிழ் வாசகருக்கு முற்றிலும் அந்நியமானதன்று என்பதற்கு இவ்வேடுகளே சாட்சி. சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் தமிழ் பேசியோர் பலர் அங்குச் சென்று, பெயரும் மொழியும் இழந்து, அம்மண்ணிற் கலந்தனர் என்று கொள்வது பிழையாகாது.

1679இல் ஸ்டெலன்பொஷ் நிறுவப்பட்டது. 1688இல் பிரான்சிலிருந்து மதக்கொடுமைக்கு அஞ்சி வந்த புரட்டஸ்தாந்தர் சிலர் பிரான்ஷூக் பள்ளத்தாக்கிற் குடியேற்றப்பட்டனர். இவர்கள் தொகை ஏறத்தாழ இருநூறு எனலாம். இவர்களுக்கு அவ்வூரிலே 1948இல் திறந்துவைக்கப்பட்ட பெரியதொரு நினைவுச்சின்னம் உண்டு. தோட்டந்தோறும் இவர்தம் குடும்பப் பெயர்கள் உண்டு. பயணிகளுக்குக் கூறப்படும் கதைகளிற் பெரும்பாகமும் இவர்களுடையவே. இருநூறு பேரின் துயரம் மலையடிவாரத்திலே கல்லாக எழுந்து நிற்கின்றது. அறுபத்து மூவாயிரம் பேரின் துயரமோ ஏடுகளிலே கிடக்கின்றது. எவருடைய இழப்பு வரலாறாகின்றது, எவருடைய இழப்பு வெறும் கணக்காகின்றது என்பதை நிருணயிப்பது நில உடைமையே என்பதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

1834ஆம் ஆண்டு டிசம்பர் முதலாந் திகதி கேப்பிலே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. 35,000க்கு மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். ஆயினும் மேலும் நான்கு ஆண்டுகள், 1838வரை, 'தொழில் பயிலுநர்' என்ற பெயரில் அதே எசமானரிடம் அவர்கள் ஊதியமின்றி உழைக்க நேர்ந்தது. நட்டஈடு வழங்கப்பட்டது; அது அடிமைகளுக்கன்று, அவர்களை இழந்த எசமானருக்கே. 1856ஆம் ஆண்டின் எசமானர் ஊழியர் சட்டம், வேலையை விட்டகல்வதையும் ஏவலுக்குக் கீழ்ப்படியாமையையும் குற்றமாக்கியது. நிலமின்றி விடுதலை பெற்றவன் விடுதலை பெற்ற அன்றே மீண்டும் அதே வாயிலில் நின்றான். மாறியது உறவின் பெயர் மாத்திரமே.

கூலியாகிய மது

இவ்வுறவை நூற்றாண்டுகளாகக் கட்டிக் காத்த சாதனம் ஒன்றுண்டு. 'டொப்' முறை என்று அது வழங்கப்பட்டது. தொழிலாளிக்குக் கூலியின் ஒரு பகுதியாக மலிவான வைனை நாளொன்றுக்குப் பலமுறை, விடியற்காலை தொடக்கம் வேலை முடியும்வரை, அளந்து ஊற்றும் முறை அது. விற்பனைக்குத் தகாத சரக்குக்கு அது வழியாயிற்று. காசாகக் கொடுக்க வேண்டிய கூலியைக் குறைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தொழிலாளியைத் தோட்டத்தை விட்டு அகல முடியாதவனாக்கியது. சங்கிலியாற் கட்டிய காலம் போய்க் கிண்ணத்தாற் கட்டிய காலம் வந்தது. இருபதாம் நூற்றாண்டிலே சட்டம் இதனைத் தடைசெய்த பின்னரும் பல தோட்டங்களில் இது நெடுங்காலம் தொடர்ந்தது.

அதன் விளைவு ஒரு தலைமுறையோடு முடியவில்லை. மேற்குக் கேப் மாகாணத்தின் திராட்சை விளையும் ஊரொன்றிலே பாடசாலைப் பிள்ளைகளிடையே நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வொன்று, கருவிலிருக்கும்போதே மதுவினாற் பாதிக்கப்பட்டு உடலும் உள்ளமும் குன்றிப் பிறந்தோர் 1,000 பிள்ளைகளுக்கு 40 பேருக்கு மேல் என்று கண்டது. அதுகாறும் உலகிற் பதிவான விகிதங்களுள் அதுவே மிக உயர்ந்தது. அவ்வகுப்பறைகளுக்கும் வைன் சுவைக்கும் மண்டபங்களுக்கும் இடைப்பட்ட தூரம் துவிச்சக்கரவண்டிக்கு எட்டாத தூரமன்று. ஆயினும் எந்தப் பயணப் பாதையும் அங்குச் செல்வதில்லை.

இவ்விடத்து மற்றொன்றையும் கூறுதல் தகும். வைன் சுவைத்தல் என்பது ஒரு கலையாக, நாவின் நாகரிகமாக உயர்த்தப்படுகின்றது. பயணி கிண்ணத்தைச் சுழற்றுகின்றான், மணம் நுகர்கின்றான், பழத்தின் சாயல், மண்ணின் சாயல் என்று பாகுபடுத்துகின்றான், வேண்டாததைத் துப்பிவிடவும் அவனுக்குக் கலம் வைக்கப்பட்டுள்ளது. அதே கொடியின் சாற்றைத் துப்புவதற்கு உரிமையற்றவர்களாக அதே மண்ணிலே பத்துத் தலைமுறைகள் வாழ்ந்தன. ஒரே பொருள் ஒரு வர்க்கத்துக்கு இரசனையாகவும் மற்றொரு வர்க்கத்துக்கு விலங்காகவும் அமைந்த வரலாறு சொல்லப்படாதவிடத்து, இரசனை பற்றிய பேச்சு முழுவதும் ஊனமுற்ற பேச்சே.

பழைய கதை என்போர்க்கு

இவையெல்லாம் பழைய கதை. 1994இல் இனஒதுக்கல் ஆட்சி முடிந்தது. இன்று சட்டங்கள் உள்ளன என்பர் சிலர். சட்டங்கள் உள்ளமை உண்மையே. 1997ஆம் ஆண்டின் குடியிருப்புப் பாதுகாப்புச் சட்டம், தோட்டங்களில் வாழ்வோரை நீதிமன்றக் கட்டளையின்றி வெளியேற்றலாகாது என்று விதித்தது. 2003இல் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச ஊதியம் முதன்முறையாக நிருணயிக்கப்பட்டது. ஆனால் உடைமையாளர் பலர் இச்சட்டங்களுக்கு அளித்த விடை வேறு. குடியிருப்போரைக் குறைத்தல், நிரந்தரத் தொழிலாளரைக் கைவிட்டுத் தரகர் மூலம் பருவகாலக் கூலியாட்களை அமர்த்துதல் என்பவையே அவ்விடை. தலைமுறைகளாகத் தோட்டத்து வீடுகளில் வாழ்ந்தோர் நகர ஓரத்துத் தகரக் குடிசைகளிற் குடிபுகுந்தனர். வாகனத்தில் விடியற்காலை ஏற்றப்பட்டு மாலையில் இறக்கப்படும் அவர்கள், பயணி தோட்டத்துக்கு வரும் வேளையில் அவன் கண்ணிற்படும் குடிமக்களாக அங்கு இல்லை. ஏற்றுமதி பன்மடங்கு பெருகிய அதே காலத்திலேயே இது நிகழ்ந்தது.

2011ஆம் ஆண்டு மனித உரிமைகள் கண்காணிப்பகம் மேற்குக் கேப்பின் பழ, வைன் தொழிற்றுறைகள் பற்றி விரிவான அறிக்கையொன்றை வெளியிட்டது. பாதுகாப்புக் கவசமின்றி நச்சு மருந்துகளுக்கு உட்படுதல், வேலைத்தலத்திற் குடிநீரும் கழிப்பிடமும் இன்மை, சட்டவிரோத வெளியேற்றம், தொழிற்சங்கம் அமைப்பதற்கு இடையூறு என்பன அதில் எடுத்துக்காட்டப்பட்டன. அடுத்த ஆண்டு நவம்பரில் டி டோர்ன்ஸ் என்ற ஊரிலே திராட்சை பறிப்போர் தொடங்கிய வேலைநிறுத்தம் மாகாணமெங்கும் பரவி 2013 ஜனவரிவரை நீடித்தது. அன்று நாளொன்றுக்கு அவர்கள் பெற்ற குறைந்தபட்சக் கூலி 69 ரான்ட். கேட்டது 150 ரான்ட். பொலிசாரின் இறப்பர்க் குண்டுகளும் கைதுகளும் உயிரிழப்புகளும் நேர்ந்த பின்னர், 2013 மார்ச் முதல் 105 ரான்ட் என அரசு நிருணயித்தது. நாட்டின் ஏனைய தொழிலாளருக்குரிய குறைந்தபட்ச ஊதிய விகிதம் தோட்டத் தொழிலாளருக்கும் சமமாக்கப்பட்டது 2021இலேயே. இது பழைய கதையன்று.

மிதிப்போர் கூறும் நியாயங்கள்

சூழலைக் காக்கும் பயணம் இது என்பது முதல் நியாயம். பத்தாயிரம் கிலோமீற்றர் ஆகாயவிமானத்திற் பறந்து வந்து இருபது கிலோமீற்றர் மிதிப்பதனாற் சூழல் காக்கப்படுவதாகக் கொள்வது, ஆற்றை இறைத்து வற்றச்செய்தவன் கரையிலே ஒரு குடம் நீர் வார்ப்பதை ஒக்கும். அதனை விட்டாலும், சூழல் என்பது காற்றும் மரமும் மட்டுமோ என்று கேட்க வேண்டும். மருந்து தெளிக்கப்பட்ட வரிசைகளிடையே கவசமின்றி நிற்கும் பெண்ணின் சுவாசமும் சூழலின் பாற்பட்டதே. பயணி தன் வண்டி புகைவிடவில்லை என்று மகிழுமிடத்து, அவள் உள்ளிழுப்பது எது என்று வினவுவதும் அவன் கடமையாகின்றது.

வருவாய் தருகின்றது என்பது இரண்டாவது நியாயம். இது முற்றிலும் பொய்யன்று. வழிகாட்டிகளாகவும் பரிசாரகராகவும் உள்ளூர் இளைஞர் சிலர் வேலை பெறுகின்றனர். அவ்வேலை அவர்களுக்குத் தேவையானது. ஆயினும் நிலமும் கட்டடமும் வணிகப் பெயரும் யாருடையனவோ அவர்களுக்கே வருவாயின் பெரும்பங்கு செல்லும். அன்றியும், பண்ணை காட்சிப்பொருளாகப் பெறுமதி பெறப் பெற, தொழிலாளரின் வரிசை வீடுகள் அக்காட்சிக்கு ஒவ்வாதனவாகின்றன. விருந்தினர் விடுதியாக மாற்றத்தக்க வீட்டிலே ஓய்வுபெற்ற கிழத்தொழிலாளி ஒருவர் வாழ்வது உடைமையாளருக்கு நட்டமாகத் தோன்றும். எனவே உல்லாசப் பயணம் கிராமத்துக்கு வருவாய் தரும் என்று வாளா கூறுதல் போதாது. கிராமம் என்றால் யார் என்பதை முதலிற் கூறுதல் வேண்டும்.

உல்லாசமாகப் பொழுதுபோக்க வந்தவனிடம் சமூகவியல் பாடம் எதிர்பார்த்தல் நீதியோ என்பது மூன்றாவது. பயணி பாடங் கேட்க வரவில்லை என்பது சரியன்று. அவன் பாடங் கேட்கவே செய்கின்றான். கொடி எவ்வகை, மண் எவ்வகை, மரப்பீப்பா எந்நாட்டது, 1886இல் கொடிகளைத் தாக்கிய பூச்சி எது, மாளிகையின் வெண்ணிற முகப்பு எந்நூற்றாண்டினது என்றெல்லாம் அவனுக்கு விரித்துரைக்கப்படுகின்றது. வேரைத் தின்ற பூச்சிக்குப் பெயருண்டு. கொடியை நட்டவனுக்கு இல்லை. இது பாடம் இன்மையன்று. வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட பாடம்.

பழைய பண்ணைகள் பலவற்றின் முற்றத்திலே வெள்ளை பூசிய இரு தூண்களுக்கிடையிற் பெரிய மணியொன்று தொங்குவதைக் காணலாம். அடிமைகளை விடியலில் எழுப்பவும், அந்தியில் எண்ணவும் அடிக்கப்பட்ட மணி அது. இன்று அதன் அடியில் வண்டிகளைச் சாய்த்துவைத்துப் படம் பிடித்துக்கொள்கின்றனர். ஒலித்தபோது உடல்களை ஆட்டிவைத்த மணி, இன்று அழகிய பின்னணியாகிவிட்டது. இப்பயணத்தின் அழகியல் முழுவதும் அப்படத்திலே சுருங்கி நிற்கின்றது.

மறுபுறத்திலே ஒழுக்கவாதிகளின் குரலும் எழும். மது தீயது, ஆதலின் மதுவைக் காணச் செல்லும் பயணமும் தீயது, தோட்டங்களை மூடிவிடுக என்பர் அவர். இக்குரலோடும் உடன்படுதற்கில்லை. டொப் முறையின் கொடுமை திராட்சைச் சாற்றிலே பிறந்ததன்று. கூலிக்குப் பதிலாக அதனை ஊற்றிய உறவிலே பிறந்தது. தோட்டங்கள் மூடப்படின் முதலிற் பட்டினி கிடப்பவர் தொழிலாளரே. குடிப்பவனைக் குற்றஞ்சாட்டிக் குடிக்கவைத்தவனை விட்டுவிடும் ஒழுக்கம் எந்நாட்டிலும் ஆளுவோருக்கு உவப்பான ஒழுக்கமே. தோட்டத் தொழிலாளி குடிகாரன் என்று சபையிலே பேசுவோர், தவறணை தோட்டத்து வாயிலருகே வந்தது எவ்வாறு, அதனால் இலாபமடைந்தோர் யார் என்று பேசுவதில்லை.

வண்டி திரும்ப வேண்டிய திசை

இங்குக் கண்டிக்கப்படுவது துவிச்சக்கரவண்டியன்று. மெய்யாக நோக்கின், உழைப்பின் நிலத்தைக் காண்பதற்கு அதனிலும் தக்க ஊர்தி இல்லை. மோட்டார் வண்டியில் விரைபவனுக்குத் தோட்டம் ஒரு பச்சை விரிப்பு. மிதிப்பவனோ ஏற்றத்தில் மூச்சிரைக்கின்றான், வெயிலை உணர்கின்றான், வேலியோரத்திற் குரல்களைக் கேட்கின்றான், வேண்டிய இடத்தில் இறங்கி நிற்க வல்லவனாகின்றான். மேலும் அது உலகெங்கும் தொழிலாளியின் வண்டி. அதனை உல்லாசத்தின் சின்னமாக்கியது பாதையை வகுத்தோரின் செயலே.

ஸ்டெலன்பொஷ் நகரிலிருந்து ஹெல்ஸ்ஹூக்டெ கணவாயினூடாகப் பிரான்ஷூக் செல்லும் வீதியிலே நியீல் என்றொரு சிற்றூர் உண்டு. விடுதலை பெற்ற அடிமைகளுக்காக 1843இல் மிசனரிமார் நிறுவிய ஊர் அது. அவர்தம் வழிவந்தோர் இன்றும் அங்கு வாழ்கின்றனர். சிறிய நூதனசாலையொன்றும் உண்டு. அருகே, பூச்சியால் திராட்சை அழிந்த பின்னர் பழத்தோட்டங்களை வாங்கிக் குவித்த செசில் றோட்ஸ், தம் தொழிலாளருக்கெனக் கட்டுவித்த குடியிருப்பொன்றும் உண்டு. பெரும் மாளிகைப் பண்ணைகளிலிருந்து இவை சில நிமிடத் தூரமே. ஒரு வண்டி அங்குத் திரும்பி நிற்பதற்குப் புதிய வீதி வெட்ட வேண்டியதில்லை. ஒழுங்கமைப்போர் மனங்கொள்வதே போதும்.

இது நடவாத காரியமும் அன்று. பிரான்ஷூக் பள்ளத்தாக்கின் சொல்ம்ஸ்-டெல்டா பண்ணை, தன் மண்ணிலே உழைத்த அடிமைகளின் பெயர்களைத் தேடிப் பொறித்து நூதனசாலையொன்று அமைத்தது. தொழிலாளருக்கு உடைமையிற் பங்கும் அளித்தது. பயணிகள் அதனைப் புறக்கணிக்கவில்லை. எனினும் அப்பண்ணை 2018இல் நிதிநெருக்கடியாற் கலைப்பு நடவடிக்கைக்கு உள்ளானது. இதனைச் சுட்டி, உண்மை பேசினால் வாணிபம் நடவாது என்பர் சிலர். பெயர்களைப் பொறித்தமையாற் பண்ணை நொடித்தது என்று கொள்வதற்கு ஆதாரம் இல்லை. நல்லெண்ணமுடைய தனி உடைமையாளர் ஒருவரின் கொடையிலே தங்கி நிற்கும் நீதி நிலையாது என்பதே அதிலிருந்து பெறத்தக்க பாடம். ஒழுங்கமைந்த தொழிலாளரின் வலிமையும், அதற்குத் துணைநிற்கும் நுகர்வோரின் வினாக்களுமே நிலைக்கக் கூடியவை. வைன் தொழிற்றுறையின் வேலைநிலைமைகளைப் பரிசோதிக்கவென 2002இல் அமைக்கப்பட்ட அறநெறி வாணிப அமைப்பு இன்று போத்தல்களுக்கு முத்திரை வழங்குகின்றது. முத்திரையுள்ள பண்ணைகளிலும் முறைகேடுகள் பற்றிய முறைப்பாடுகள் எழுந்துள்ளன. ஆதலின் முத்திரையைக் கண்டு ஓய்ந்துவிடாது வினவுதல் வேண்டும்.

வினாக்கள் கடினமானவையல்ல. இத்தோட்டத்திற் பறிப்போர் எங்கு வாழ்கின்றனர்? அவர்களை அமர்த்துபவர் தோட்டத்தாரா, தரகரா? தொழிற்சங்கம் உண்டா? கடந்த பத்தாண்டில் இங்கிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் எத்தனை? மண்ணின் வகையைக் கேட்கத் தெரிந்தவனுக்கு இவற்றைக் கேட்கவும் வாயுண்டு. நூறு பயணிகள் கேட்பின் வழிகாட்டி விடையைத் தேடுவான். ஆயிரம் பேர் கேட்பின் உடைமையாளர் விடையை மாற்ற முற்படுவார்.

அந்தானையிலும் அதே பாதை

தூரதேசத்துத் தோட்டங்கள் பற்றி இத்துணை விரிவாகப் பேசுவது எதற்கு என்ற வினா எழலாம். கண்டி மாநகரையடுத்த அந்தானை மலையிலே தொடங்கி நுவரெலியாவரை, தேயிலைத் தோட்டங்களினூடாக முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் நீளும் 'பெக்கோ' நடைபாதை, 22 பகுதிகளாக வகுக்கப்பட்டு அண்மை ஆண்டுகளிலே பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளது. நடந்தும் துவிச்சக்கரவண்டியிலும் அதிற் செல்கின்றனர். அப்பாதையின் பெரும்பகுதி, பிரித்தானியர் காலத்திலே கொழுந்தை ஆலைக்குக் கொண்டுசெல்ல வெட்டப்பட்ட பழைய தோட்டப் பாதையே. வெட்டிய கைகள் எவருடையவை என்பது பேராதனையில் வாழ்வோர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்பாதை தீயதன்று, அதனால் தோட்டத்து இளைஞர் சிலர் பயனும் பெறலாம். ஆனால் மூடுபனியும், துரை பங்களாவும், ஆலையின் மணமும் மட்டுமே அதிற் காட்டப்படுமாயின், கேப்பின் பண்ணைமணியிலிருந்து மலையகத்தின் பிரட்டுக்களம் வெகுதூரத்தில் இல்லை. நடைவந்தவர்கள் வழியில் மடிந்ததும், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களின் வழிவந்தோரை நாடற்றவராக்கியதும், லயங்களிலே இன்றும் தம் பெயரிற் காணியின்றி வாழ்வோர் பலர் என்பதும் அப்பாதையின் வரலாறாகும். இவற்றை நீக்கிய தேயிலைக் கோப்பை இனியதாயிருக்கலாம், நேர்மையானதாயிராது.

அடிமைமுறையை வெள்ளையரின் பாவமென்று மட்டும் கூறித் தமிழறிஞர் தப்பிவிடுவதற்கும் இல்லை. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலே அடிமைகள் பற்றிய விதிகள் உள்ளன; அவை யாழ்ப்பாணச் சமூகம் வழங்கிய வழமைகளே. இலங்கையில் அடிமைமுறை முற்றாக ஒழிக்கப்பட்டது 1844இலேயாம். கேப்பிலே பெயர்கள் மறைக்கப்பட்டதைக் கண்டிப்போர், யாழ்ப்பாணத்துத் தோம்புகளிலே மறைந்துள்ள பெயர்களையும் தேடவேண்டியவராகின்றனர்.

அழகிய நிலத்தைக் காணும் ஆசை குற்றமன்று. உழைத்தவனும் அந்நிலத்தின் அழகில் ஒரு பங்காளன் என்பதை மறந்து காண்பதே குற்றம். திராட்சைக் கொடியாயினும் தேயிலைச் செடியாயினும், நட்டவரின் பெயரையும் பறிப்பவரின் கூலியையும் கேளாமற் செல்லும் பயணம், எத்துணை மெதுவாகச் சென்றாலும் விரைந்து கடந்து போகும் பயணமே. வண்டியினின்று இறங்கிக் கேட்பதற்கு எவரும் தடைவிதிக்கவில்லை.